தேங்காய் மட்டை நாரும் கூட்டுப் பலகையும்

தேங்காய் உரித்த பின் மட்டையைத் தோப்பின் ஓரத்தில் குவித்து வைப்பதும், அடுப்பெரிக்கக் கொடுப்பதும், வந்த விலைக்கு வண்டிக்காரரிடம் தள்ளிவிடுவதும் தென்னை சாகுபடி செய்யும் குடியானவர்களில் பலருடைய வழக்கம். அம்மட்டையின் நாரோ இக்காலத்தில் கயிற்றுக்கும் மிதியடிக்கும் மட்டுமன்றி, மெத்தைக்கும், கதவுப் பலகைக்கும், மோட்டார் வண்டியின் உட்பாகங்களுக்கும் மூலப்பொருளாகிறது. இவ்வகை வேலைக்கு நாரை வாங்குவோர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அதன் ஈரம், மண், நீளம் ஆகியவற்றையும் பார்த்தே ஏற்கின்றனர். ஏற்காது திருப்பப்பட்ட சுமைக்கு வண்டிச் சத்தமும் கூலியும் அனுப்பியவரையே சாரும். ஆதலால் நார் எவ்வாறு பலகையாகிறது, எதனால் கெடுகிறது என்பதை அறிதல் மட்டை விற்பவருக்கும் நார்க்களம் வைத்திருப்பவருக்கும் அவசியமாகும்.

கூட்டுப் பொருள் என்பது யாது?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வஸ்துக்கள், ஒன்றில் ஒன்று கரைந்து மறையாமல், தத்தம் தன்மையோடு நின்று, தனித்தனியே எதனிடமும் இல்லாத ஒரு பலத்தைச் சேர்ந்து கொடுக்குமாயின், அதற்குக் கூட்டுப் பொருள் என்று பெயர். பெயர் புதிதாயினும் பொருள் கிராமத்தாருக்குப் புதிதன்று. தானியம் சேர்த்து வைக்கும் குதிர், களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்துச் செய்யப்படுவது. மூங்கில் முறத்தில், ஊறவைத்த காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்து மெழுகினால் இடுக்குகள் அடைபட்டு முறம் உறுதி பெறுகிறது. குதிரில் வைக்கோல் நார், களிமண் பிசின். முறத்தில் மூங்கில் நார், வெந்தயமும் காகிதக் கூழும் பிசின்.

இவ்விரண்டும் சேர்வதால் பலம் உண்டாவதன் காரணம் எளிது. வைக்கோல் பிரியை இருவர் பற்றி இழுத்தால் அது சுலபத்தில் அறாது. அதையே நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் வளைந்து சாயும். காய்ந்த களிமண் கட்டி அழுத்தத்தைத் தாங்கும். வளைத்தாலோ வெடித்துப் போகும். இரண்டும் கலந்த சுவரில் இழுவையை நாரும், அழுத்தத்தை மண்ணும் ஏற்கின்றன. மண்ணில் ஒரு வெடிப்புத் தோன்றினால், குறுக்கே கிடக்கும் நார் அதைப் பற்றி நிறுத்துகிறது. நார் ஏற்கும் பாரத்தை ஒரு நாரிலிருந்து மற்றொரு நாருக்கு மாற்றுவது பிசினின் வேலை.

ஆகையால் கூட்டுப் பொருளின் பலத்திற்கு மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது, நாரின் வலிமை. இரண்டாவது, பிசினின் வலிமை. மூன்றாவது, இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பற்று. முன்னிரண்டும் எவ்வளவு சிறந்தனவாயினும் மூன்றாவது இல்லாவிடில், உறையிலிருந்து கத்தி உருவப்படுவதுபோல் நார் பிசினிலிருந்து வழுவிப் போகும். பலகைகள் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இம்மூன்றாவதன் குறையே. அது நார்க்களத்திலேயே தொடங்கிவிடுகிறது.

தென்னை நாரின் இயல்பு

தாவர நார்கள் அனைத்திலும் செல்லுலோஸ், லிக்னின் என்னும் இரு பொருள்கள் முக்கியமானவை. செல்லுலோஸ் இழைபோல் நீண்டு வலிமை தருவது. லிக்னின் அவ்விழைகளைப் பிணைத்து விறைப்பாக்குவது. சணல் நாரில் லிக்னின் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கே இருக்க, தென்னை நாரில் ஏறக்குறைய 40 பங்கு உள்ளது. தென்னங்கயிறு நீரில் கிடந்தும் நெடுங்காலம் மக்காதிருப்பது இதனாலேயே.

வலிமையில் தென்னை நார் சணலுக்குக் குறைந்ததே. ஒரே கனமுள்ள இழைகளை இழுத்துப் பார்த்தால் சணலின் பாதி பலங்கூட இதற்கு இராது. ஆனால் சணல் இழை தன் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். தென்னை இழை நூற்றுக்கு 15 பங்கும் அதற்கு மேலும் நீண்ட பின்னரே அறும். சணலில் செல்லுலோஸ் இழைகள் நாரின் நீளப்போக்கிலேயே பெரும்பாலும் ஓடுகின்றன. தென்னை நாரிலோ அவை சுருள்வில்லைப்போல் மிகவும் சாய்ந்து சுற்றியுள்ளன. இழுக்கும்போது முதலில் சுருள் விரிகிறது. பின்னரே இழை அறுகிறது. ஆதலால் அடியையும் அதிர்ச்சியையும் தாங்கவேண்டிய இடங்களுக்கும், மெத்தை போன்ற மீள்தன்மை வேண்டிய பொருள்களுக்கும் தென்னை நார் பொருத்தமாகிறது.

மற்றொரு அனுகூலம் அதன் இலேசு. படகு, தொட்டி முதலியவற்றிற்கு உபயோகமாகும் கண்ணாடி இழை, தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு கனமுள்ளது. தென்னை நார் சுமார் ஒன்றேகால் மடங்கே. கண்ணாடி இழைக்கு மணலை உருக்கும் பெருநெருப்பு வேண்டும். தென்னை நாரோ ஆண்டுதோறும் மரத்தில் தானே விளைவது.

பிணைக்கும் பொருள்கள்

நாரைப் பிணைக்க உபயோகமாகும் பொருள்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை ரப்பர் பால். தென்னை நாரை முறுக்கிக் கயிறாக்கிச் சில காலம் வைத்திருந்து பிரித்தால், இழைகள் சுருண்டே நிற்கும். இச்சுருள் நாரைப் படுகையாகப் பரப்பி, கந்தகம் முதலியன சேர்த்த ரப்பர் பாலைத் தெளித்து, உலர்த்தி, அழுத்தி, வெப்பத்தில் பதப்படுத்தினால் ரப்பர் நார் மெத்தை உண்டாகிறது. நார்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ரப்பர் முடிச்சுப்போல் பற்றிக்கொள்வதால், அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீள்கிறது. நாரும் பிசினும் இரண்டுமே மரத்தில் விளைந்தவை என்பது இதன் சிறப்பு. பிரேசில் நாட்டின் பாரா மாகாணத்தில், சிறு குடியானவர்களின் தென்னை நாரையும் ரப்பர் பாலையும் சேர்த்து மோட்டார் வண்டிகளின் இருக்கைப் பாகங்கள் செய்யும் முயற்சி 1990-களில் தொடங்கப்பட்டது. கன்னியாகுமரி ஜில்லாவில் தென்னையும் ரப்பரும் ஒருங்கே விளைவதால், அங்குள்ள குடியானவர்கள் இத்தொழிலைக் கவனிப்பது தகும்.

இரண்டாம் வகை, வெப்பத்தால் இறுகிப் பின் ஒருபோதும் உருகாத பிசின்கள். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் என்பவர் 1907-ஆம் ஆண்டில் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து இவ்வகைப் பிசினைச் செய்து, உடையாதிருக்க மரத்தூளைக் கலந்தார். தென்னை நார்ப் படுகையை இப்பிசினில் தோய்த்து, உலர்த்தி, அடுக்கி, சூடான அழுத்து யந்திரத்தில் வைத்தால் மரத்தைப் போன்ற பலகை கிடைக்கிறது. ஆயினும் ஒருமுறை இறுகியதை உருக்கி வேறு பொருளாக்க முடியாது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட டிராபண்ட் என்னும் மோட்டார் வண்டியின் வெளித்தகடுகள், பருத்திக் கழிவு நாரைப் பீனால் பிசினுடன் அழுத்திச் செய்யப்பட்டவை. எஃகுத் தகடு அருமையாயிருந்த நாட்டில் அவை துருப்பிடியாமல் உழைத்தன. வண்டிகள் பழையனவான பிறகு அத்தகடுகளை என்ன செய்வது என்பதே தொல்லையாயிற்று. நார் இயற்கையானது என்பதால் மட்டும் பொருள் முழுவதும் மண்ணில் மக்கிவிடும் என்று எண்ணுதல் பிழை.

மூன்றாம் வகை, சூட்டில் உருகி ஆறினால் இறுகும் பிளாஸ்டிக்குகள். தாவர நார் ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கருகத் தொடங்குவதால், அதற்குக் குறைந்த உஷ்ணத்தில் உருகும் பாலிபுரொப்பிலீன் போன்றவையே இதற்கு ஏற்கும். நார் நீரை விரும்புவது. இப்பிளாஸ்டிக் நீரை வெறுப்பது. எனவே இவ்விரண்டும் தாமாகப் பற்றுவதில்லை. நாரைக் காரநீரில் ஊறவைத்துக் கழுவி மேலுள்ள மெழுகைப் போக்குவதும், இருபுறமும் பற்றும் இணைப்பு மருந்தைச் சிறிதளவு சேர்ப்பதும் இதற்குப் பரிகாரம்.

நான்காம் வகை மட்டையிலேயே உள்ள லிக்னின். அமெரிக்காவில் வில்லியம் மேசன் என்பவர் 1924-ஆம் ஆண்டில், மரச் சில்லுகளை மிகுந்த அழுத்தமுள்ள நீராவியில் வைத்துச் சட்டென வெளிவிட்டுப் பஞ்சுபோலாக்கி, வேறு பசையின்றிச் சூட்டில் அழுத்திப் பலகை செய்தார். மரத்தின் லிக்னினே அதில் பசையாயிற்று. இதே தத்துவத்தைத் தேங்காய் மட்டையில் பரீட்சித்த ஹாலந்து தேசத்து வாகனிங்கன் ஆராய்ச்சியாளர்கள், நாரையும் நார்க்கழிவையும் பிரிக்காமல் முழு மட்டையையும் அரைத்து உலர்த்தி, வெளிப்பசை ஏதுமின்றி வெப்பத்தில் அழுத்தினால் கெட்டியான பலகை உண்டாவதை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாரைப் பிரித்த பின் கழிவென்று தள்ளப்படும் பகுதியில் உள்ள லிக்னினே அங்குப் பிசினாகிறது என்பது குடியானவர்கள் மனத்தில் கொள்ளத்தக்கது. இம்முறைக்கு மிகுந்த அழுத்தமும் வெப்பமும் தரும் யந்திரம் வேண்டியிருப்பதால், இது குடிசைத் தொழிலாகச் செய்யத்தக்கதன்று.

ஈரம் என்னும் பகை

மேற்கூறிய நான்கு வகைக்கும் பொதுவான பகை ஈரமே. அது மூன்று விதமாய்க் கெடுக்கிறது.

முதலாவது, செய்யும்போது. அழுத்து யந்திரத்தின் உஷ்ணம் நீரின் கொதிநிலைக்கு மேற்பட்டது. நாரில் மிகுந்துள்ள ஈரம் பலகையின் நடுவே ஆவியாகிப் போக வழியின்றி நின்று, யந்திரத்தைத் திறந்தவுடன் வெடித்துக் கிளம்புகிறது. பலகை கொப்புளம் கொண்டும் நடுவில் பிளந்தும் போகிறது. துகள் பலகை செய்வோர், பிசின் சேர்க்குமுன் துகளின் ஈரத்தைப் பொதுவாக நூற்றுக்கு 5-க்கும் குறைப்பது இதற்காகவே. களத்தில் வெயிலில் உலர்ந்த நாரும் காற்றிலிருந்து நூற்றுக்குப் பத்தளவு ஈரத்தைக் கொண்டேயிருக்கும். எஞ்சியதைத் தொழிற்சாலை சூட்டறையில் போக்கிக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சிய ஈரத்தைப் போக்க எரியும் விறகின் விலையை நாரின் விலையிலேயே குறைக்கும்.

இரண்டாவது, உபயோகிக்கும்போது. நார் ஈரத்தில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். பிசின் அவ்வளவு அசைவதில்லை. மழைக்காலமும் கோடையும் மாறி மாறி வர, நாருக்கும் பிசினுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி தோன்றி, அதன் வழியே மேலும் நீர் ஏறுகிறது. குதிர் செய்பவர் ஒரு வளையம் உலர்ந்த பின்னரே அதன்மேல் அடுத்த வளையத்தை வைப்பதும் ஈரத்தின் இவ்வியல்பை அறிந்தே.

மூன்றாவது, சேமித்து வைக்கும்போது. ஈரக் கட்டுகளில் பூஞ்சணம் படர்ந்து, நார் நிறம் மாறி வலிமை இழக்கிறது. உப்பங்கழியில் ஊறிய நாரைக் கழுவாமல் விட்டால், அதிலுள்ள உப்புக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

1. முற்றின காயின் மட்டையையும் பசுங்காயின் மட்டையையும் கலக்கலாகாது. இரண்டின் நாரும் நிறத்திலும் விறைப்பிலும் வேறுபடும். ஊறும் காலமும் ஒன்றன்று. கலந்த மட்டையிலிருந்து ஒரே சீரான நார் கிடைப்பதில்லை.

2. மட்டையை வெறும் மண்ணில் குவிக்காமல், கல் பாவிய இடத்திலோ ஓலை பரப்பியோ வைக்க வேண்டும். மணல் ஒட்டிய நாரில் பிசின் மணலைப் பற்றுமேயன்றி நாரைப் பற்றாது. அறுக்கும் கத்தியும் சீக்கிரம் மழுங்கும்.

3. யந்திரத்தில் பிரித்த நாரைச் சுழல் சல்லடையில் இட்டு, ஒட்டியுள்ள கழிவைப் போக்கிய பின்னரே உலர்த்த வேண்டும். கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து நிற்பதால், அது ஒட்டிய நார் மேலுக்கு உலர்ந்தாற்போல் தோன்றினும் உள்ளே ஈரமாயிருக்கும்.

4. நாரைக் கனமாகக் குவிக்காமல் மெல்லியதாய்ப் பரப்பி, பகலில் இரண்டு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். மாலைப் பனி விழுமுன் திரட்டி மூடிவைத்தல் நலம். பொதுப் பாதையில் உலர்த்துதல் மண்ணும் எண்ணெயும் சேர இடமாகும், விபத்துக்கும் காரணமாகும்.

5. கட்டிய சிப்பங்களைத் தரையில் வையாது மரச்சட்டங்களின் மேல், சுவரினின்றும் ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். உலர்ந்த நாரில் தீ விரைவில் பற்றுமாதலால் கிடங்கினருகே அடுப்பும் பீடியும் கூடா.

ஈரத்தை அளக்கும் முறை

சிப்பத்தின் மேற்புறத்தில் எடுத்த நார் உண்மையைக் காட்டாது. நடுவிலிருந்தும் இரு ஓரங்களிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அதில் 100 கிராம் நிறுத்துக்கொள்ள வேண்டும். இதை 105 டிகிரி உஷ்ணமுள்ள சூட்டடுப்பில் வைத்து, அடுத்தடுத்து இருமுறை நிறுத்தும் எடை மாறாதிருக்கும் வரை உலர்த்த வேண்டும். முடிவில் 82 கிராம் நிற்குமாயின், குறைந்த 18 கிராமும் ஈரம். அதாவது நூற்றுக்கு 18. சூட்டடுப்பு இல்லாதவர்கள் கடுங்கோடை வெயிலில் தகரத் தட்டில் இட்டு எடை நிலைக்கும் வரை காயவைக்கலாம். இது முழு ஈரத்தையும் காட்டாதாயினும், ஒரு களத்து நாருக்கும் மற்றொரு களத்து நாருக்கும் உள்ள பேதத்தைக் காட்டப் போதுமானது.

ஈரநாரை எடைக்கு விற்பது இலாபம் என்று சிலர் நினைக்கின்றனர். கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். நூற்றுக்கு 30 பங்கு ஈரமுள்ள 100 கிலோச் சுமையில் உலர்ந்த நார் 70 கிலோவே. அதே 70 கிலோ உலர் நார், ஈரம் 15 பங்காகக் குறைந்த சுமையில் சுமார் 82 கிலோவாய் நிற்கும். ஆக, முதற் சுமையில் ஏறக்குறைய 18 கிலோ வீண் தண்ணீருக்கு வண்டிச் சத்தம் கொடுக்கப்படுகிறது. வாங்குவோர் ஈரத்தைச் சோதிக்காத நாளில் அத்தண்ணீருக்கும் விலை கிடைத்திருக்கலாம்; சோதிக்குமிடத்தில் அது கழிவுத் தொகையாகவோ திருப்பப்பட்ட சுமையாகவோ முடியும். விற்பவரே முன்னதாக அளந்து குறித்து வைத்திருந்தால், வாங்குபவர் சொல்லும் கழிவு நியாயமானதா என்று கேட்கவும் அவருக்கு ஆதாரம் இருக்கும்.

ஏற்கும் இடமும் ஏற்காத இடமும்

கூட்டுப் பலகையை வீட்டு வேலைக்கு வாங்குவோர், அதன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, கனத்தை அளந்து, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் அமிழ்த்தி, மீண்டும் அளந்து பார்ப்பது எளிய பரீட்சை. 12 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு 13.2 மில்லிமீட்டராய் உப்பினால் உப்பல் நூற்றுக்கு 10. இரு வகைப் பலகைகளில் குறைவாக உப்புவதே ஈரத்தைத் தாங்குவது. அறுத்த ஓரங்களின் வழியேதான் நீர் முதலில் ஏறுமாதலால், ஓரங்களுக்கு வர்ணமோ மெழுகோ பூசுதல் இன்றியமையாதது.

உட்கதவு, அலமாரி, தடுப்புச் சுவர், மேற்கூரையின் உட்பலகை, மெத்தை ஆகியவற்றிற்கு இப்பொருள்கள் ஏற்கும். பாரம் தாங்கும் உத்தரத்திற்கும், எப்போதும் நனையும் இடத்திற்கும் இவற்றை நம்புதல் தகாது. யூரியா பார்மால்டிஹைடு பிசினால் செய்யப்பட்ட பலகைகள் ஈரத்தில் விரைவில் விடுவதோடு, அடைத்த அறையில் கண்ணெரிச்சல் தரும் ஆவியையும் வெளிவிடக்கூடும். ஆகையால் பிசினின் பெயரைக் கேட்டு வாங்குதல் நன்று.

நார்க்கழிவின் கதி

மட்டையின் எடையில் நார் சுமார் மூன்றில் ஒரு பங்கே; எஞ்சியது கழிவு. இதைப் பாதையோரங்களில் மலைபோல் குவித்தால், மழைநீர் அதன் பழுப்புச் சாற்றைக் கிணறுகளுக்குக் கொண்டுசேர்க்கும். முழு மட்டைப் பலகைத் தொழில் பரவும் வரை, கழிவை எருவாக்குதலே குடியானவர்களுக்கு உடனே பயன்படும் வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறைப்படி, ஒரு டன் கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் மாற்றி மாற்றி அடுக்கில் தூவி, நிழலில் ஈரம் காத்து வைத்தால், ஒரு மாதத்தில் 112-க்கு 1 ஆக இருந்த கரி, தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 ஆகக் குறைந்து நல்ல எருவாகும். ஈரத்தைப் பிடித்து நிற்கும் தன்மை பலகைக்குக் குற்றமாயினும், மானாவாரி நிலத்திற்குக் குணமாகிறது.

குடியானவர் செய்யத்தக்கது

அழுத்து யந்திரத்தைக் குடியானவர் தனித்து வாங்க முடியாது. பிசினையும் அவர் செய்ய முடியாது. நாருக்கும் பிசினுக்கும் இடையே உள்ள பற்றுக்கு வேண்டிய சுத்தமும் உலர்ச்சியும் அவர் களத்திலேயே கிடைக்கின்றன. ஓர் ஊரில் பத்துப் பன்னிரண்டு தோப்புக்காரர்கள் சேர்ந்து, கல் பாவிய ஒரு பொதுக்களமும், ஒரு சல்லடையும், ஒரு நல்ல தராசும் அமைத்துக்கொள்வார்களாயின், மட்டையை மட்டையாகவே தள்ளிவிடாமல், தரம் குறித்த நாராக விற்க இயலும். மட்டை கழிக்கும் பருவத்திற்கு முன்பே களத்தைச் செப்பனிட்டு, முதற் சிப்பத்தின் ஈரத்தை அளந்து குறித்துவைத்தல் இவ்வேலைக்குத் தக்க தொடக்கமாகும்.